பச்சைச் சுவரும் காலை மாத்திரையும்

எழுபத்தாறு வயதில் பெயின்டருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது.

"இந்த வயசுக்குக் கடுமையான மருந்து தாங்காது. மாசத்துல ஒரு வாரம் வயித்துல ஊசி, தினமும் காலையில மாத்திரை. ரெண்டும் சேர்ந்தாத்தான் பலன்" என்றார் டாக்டரம்மா.

ஊசிக்கு அவர் முகம் சுளித்ததே இல்லை. மாத்திரையும் ஒருநாள் தவறவில்லை. ஆனாலும் முதல் மாதம் முடிந்து எலும்பு மஜ்ஜையைச் சோதித்தபோது நோய் நகர்வேனா என்று உட்கார்ந்திருந்தது.

"அடுத்த மாசமும் இப்படியே இருந்தா இந்த மருந்தை நிறுத்த வேண்டியதுதான்" என்ற டாக்டரம்மா, ஏதோ சந்தேகத்தில் கேட்டார்: "மாத்திரையைச் சாப்பாட்டோடதானே போடுறீங்க?"

பெயின்டர் விட்டத்தைப் பார்த்தார். பூச்சு சரியில்லை போலும்.

"அப்பா, கேக்கறாங்கல்ல?" என்றாள் மகள்.

"தண்ணியோட போடறேன்."

"வெறும் வயித்துலயா! சாப்பாடு இல்லேன்னா அதுல பாதிகூட உடம்புல சேராதே, ஐயா!"

மனைவி மகள் பக்கம் திரும்பினாள். "காலையில மாடியில உன் வீட்டுல சாப்பிடறார்னுல்ல நெனச்சேன்!"

"நீ போடறேன்னு நான் நெனச்சேன்மா. மத்தியானமும் ராத்திரியும்தான் மேல வருவார்."

விஷயம் வெளியே வந்தது. சிகிச்சைக்கு முந்தின வாரம் பெயின்டர் தன் கையால் வண்ணம் கலந்து சமையலறைக்குப் பச்சை அடித்திருந்தார். மனைவி பார்த்துவிட்டு, "குளத்துப் பாசி மாதிரி இருக்கு" என்றாள். இனி அந்த அறையில் கை நனைப்பதில்லை என்று அவர் சபதம் போட்டார். அதோடு பேச்சும் நின்றது.

"மன்னிப்பு மட்டும் கேக்கச் சொல்லாதீங்க டாக்டர். பாசி பாசிதான்" என்றாள் மனைவி.

"ரோஷத்தைச் சாயங்காலம் வெச்சுக்கங்க, ஐயா. காலையில சாப்பிடுங்க."

மறுநாள் காலை பெயின்டர் சமையலறைக்குள் வந்தார். சுவர் அவர் கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தாள் மனைவி. அவர் அதை நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். சுவரையே பார்த்தபடி தட்டைக் காலி செய்தார்.

"கொஞ்சம் பாசி மாதிரிதான் இருக்கு" என்றார்.

"அடுத்த வருஷம் மாத்தி அடிச்சுடலாம்."

"யாரு அடிக்கிறது?"

"பெயின்டரைக் கட்டிக்கிட்டு வேற ஆளைத் தேடுவாங்களா?" என்று மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.