நெஞ்சா, வயிறா

சலூனில் இரண்டே நாற்காலிகள். வலதுபக்கம் மாஸ்டருடையது. இடதுபக்கம் அவர் மனைவியின் தம்பி நிற்பான். மாஸ்டர் அவனை நாளெல்லாம் "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, முடிவெட்ட வருகிற பெரியவர்களுக்கும் அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். அவனுக்கு அதில் கூச்சமெல்லாம் இல்லை. "இந்தத் தெருவுக்கே நான்தான் மாப்பிள்ளை, பொண்ணுதான் யாரும் தரல" என்பான்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது மாஸ்டருக்கு நெஞ்சை அடைத்தது. கத்தியை மடக்கி வைத்துவிட்டு, "சாப்பிட்டது செரிக்கல போலிருக்கு, வாயு" என்றார். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். மின்விசிறிக்கு நேர் கீழே நிற்கிற மனிதருக்குக் காதோரம் வியர்வை ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் வாசலுக்கு ஓடி ஒரு வாடகைக் காரை மறித்தான். பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரும் ஒரு கை கொடுத்துத் தூக்கி, அப்படியே காரிலும் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை முதலில் அந்த நுரைமுகக்காரரிடம்தான் தள்ளிக்கொண்டு போனார்களாம். இந்தக் கதையை மாப்பிள்ளை கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தான்.

இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. உள்ளே ஸ்டென்ட் என்று சின்னதாக ஒரு வலைக்குழாயை வைத்து விரித்துவிட்டார்கள். "அதுக்குள்ள ரத்தம் உறைஞ்சிடக் கூடாது. மத்தது எப்படியோ, ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடாதீங்க" என்று இதய டாக்டர் சொல்லி அனுப்பினார். மாஸ்டர் தலையாட்டினார். அவர் மனைவி அதை மனசில் எழுதி வைத்துக்கொண்டாள்.

அவள் ஒரு துணிக்கடையின் பின்னறையில் தையல் வேலை பார்ப்பவள். வாங்கின சட்டையின் கையைக் குட்டையாக்குவது, இடுப்பைப் பிடிப்பது, இப்படி. அரை விரல்கடைகூடப் பிசகாத கை. மாத்திரை விஷயத்திலும் அப்படியே இருந்தாள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் உரித்து, அவர் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள்.

அவர் பிழைத்ததில் எல்லோருக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, மாஸ்டருடைய சொந்த வயிற்றைத் தவிர.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்போது வயிற்றுக்கென்றும் ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அடுத்த தடவை சீட்டு எழுதியவர் வேறொரு டாக்டர். அது விட்டுப்போயிற்று. யாரும் கவனிக்கவில்லை. பிறகுதான் ஆரம்பித்தது. மேல்வயிற்றில் யாரோ கரண்டியைக் காய்ச்சி வைத்தாற்போல ஒரு எரிச்சல். சாப்பிட்டால் உப்புசம், சாப்பிடாவிட்டால் புளித்த ஏப்பம். குனிந்தால் தொண்டைவரை வந்து சுட்டுவிட்டுப் போகும். முடிவெட்டுகிறவன் குனியாமல் என்ன செய்வது?

அதைவிட மோசம் சத்தம். அவர் வயிறு வாடிக்கையாளரின் காதுக்குச் சரியான உயரத்தில் இருந்தது. கத்தரிக்கோலை நிறுத்துகிற நேரம் பார்த்து உள்ளே கடமுடாவென்று உருளும். ஒருநாள், பல வருஷமாக அவரிடமே வெட்டிக்கொள்கிற ஓய்வுபெற்ற கணக்கர் கண்ணை மூடியபடியே, "என்ன மாஸ்டர், உள்ளே வீடு மாத்துறாங்களா?" என்றார். மாஸ்டரும் சிரித்துவைத்தார். அடுத்த நொடி ஏப்பம் வந்துவிட்டது. கணக்கர் முகத்தை லேசாக அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். ஆனால் அடுத்த மாதம் அவர் வந்தபோது வலதுபக்க நாற்காலி காலியாக இருந்தும், பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார், இங்க காலியாத்தான் இருக்கு."

"இருக்கட்டும் மாஸ்டர். ஒரு நியூஸ் படிச்சிட்டிருக்கேன்."

மாப்பிள்ளையின் நாற்காலி காலியானதும் அவருடைய நியூஸும் முடிந்துபோயிற்று.

இப்படி ஒருவர், இருவர் என்று பெஞ்சு நிறைந்தது. மாஸ்டர் சீப்புகளைக் கழுவினார், கழுவினதையே மறுபடி கழுவினார். அந்த நேரத்தில் மாப்பிள்ளை தன் வழக்கப்படி, "என்ன மாமா, என் சேர்ல கூட்டத்தப் பாத்து வயித்தெரிச்சலா?" என்றான். கடையே சிரித்தது. சொன்ன பிறகுதான் அவனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. மாஸ்டர் பின்கட்டுக்குப் போய், குழாயடியில் நின்றபடி வயிற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

எரிச்சலாவது எரிச்சல் என்று இருந்துவிட்டுப் போகலாம். அது நெஞ்சுக்கு ஏறும்போதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. அன்றைக்கும் இப்படித்தானே, வாயு என்றுதானே நினைத்தோம் என்று தோன்றும். இரண்டு தடவை மனைவியும் மச்சினனும் அவரை அலறியடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மார்பில் வயர்களை ஒட்டி எடுத்துப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது தடவை இருந்த டாக்டர் சின்னப் பெண். தூங்காத கண்.

"ஹார்ட்ல ஒண்ணும் இல்ல. இது வெறும் கேஸ்."

"நெஞ்சுலதான்மா வலிச்சிது."

"எனக்குப் புரியுதுங்க. ஆனா பாருங்க, எவ்வளவு பேர் வெளில நிக்கிறாங்க. ஒவ்வொரு ஏப்பத்துக்கும் நீங்க பயந்தா எப்படி?"

அதட்டவில்லை அந்தப் பெண். அலுத்துப்போய்ச் சொன்னாள். அதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. வாசலில் மனைவி, பாதி தைத்த யாரோ ஒருவருடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை போட்டது போட்டபடி ஓடிவந்திருக்கிறாள். "ஒண்ணுமில்லையாம்" என்றார். "நல்லதாப் போச்சு" என்றாள். வீடு திரும்பும் வழியில் மாஸ்டர், இனி செத்தாலும் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டார்.

இதய டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். முறைப்படி பார்க்கப் போனபோது அவர் திரையைப் பார்த்தபடி, "எப்படி இருக்கீங்க? மூச்சு வாங்குதா? கால் வீங்குதா?" என்று கேட்டார். வயிற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய நெஞ்சு டாக்டரிடம் ஏப்பத்தைப் பற்றியா பேசுவது? "நல்லா இருக்கேன் சார்" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

வீட்டில் எண்ணெய் போயிற்று, காரம் போயிற்று, புளிப்பு போயிற்று. வேகவைத்த காயும் குழைந்த சோறும் மட்டும். மனைவியும் அதையே சாப்பிட்டாள். தனக்கென்று வேறு சமைத்தால் வாசனைக்கு அவர் மனசு அலையுமே என்று. ஒருநாள் அவர் தட்டைத் தள்ளிவிட்டு, "நீ ஏன் இதைத் திங்கிற? உனக்கென்ன வந்துச்சு? என்னைப் பாத்து நீயும் சாகணும்னு இருக்கா?" என்று கத்தினார். அவள் சிந்தினதைத் துடைத்தாள்.

அந்த வாரத்தில்தான் அவர் அதைச் செய்தார். மாத்திரை விழுங்கிய அரைமணிக்குள் எரிச்சல் ஏறுவதை அவர் கவனித்து வைத்திருந்தார். மாத்திரைகளில் ஒன்று இளஞ்சிவப்பு. அதுதான் வேலையைக் காட்டுகிறது என்று அவராகவே முடிவுகட்டினார். மனைவி உள்ளங்கையில் வைத்தாள், செருப்பை மாட்டினாள், பஸ்ஸுக்கு ஓடினாள். அவர் மற்றதை விழுங்கிவிட்டு இளஞ்சிவப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கடையில் கத்தி கழுவுகிற தண்ணீரோடு அது போயிற்று. ஒரு நாளைக்குத்தானே என்று ஆரம்பித்தது. அன்றைக்கே கொஞ்சம் தேவலாம்போலிருந்தது. மறுநாளும் அப்படியே செய்தார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

வயிறு அடங்கியது. உண்மையாகவே அடங்கியது. மாஸ்டர் மறுபடியும் குனிந்து நிமிர்ந்தார். பேச்சு வந்தது. பெஞ்சில் இருந்தவர்களை வம்புக்கிழுத்து நாற்காலிக்குக் கொண்டுவந்தார். கணக்கரே ஒருநாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வலதுபக்கம் வந்து உட்கார்ந்தார். "என்ன மாஸ்டர், குடித்தனக்காரங்க காலி பண்ணிட்டாங்களா?" என்றார். "சாமான் செட்டோட போய்ட்டாங்க சார்" என்றார் மாஸ்டர். மாப்பிள்ளைக்கு அன்று இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

ஒரு விடுமுறை நாளில் மனைவியை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் பொரித்த மீன் விற்றார்கள். வாங்கி இரண்டு பேருமாகத் தின்றார்கள். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முகத்துல களை வந்திருக்கு" என்றாள். "வேளாவேளைக்கு மாத்திரை போடுறதோட பலன்தான் இது."

அப்போது சொல்லியிருக்கலாம். விரலில் மீன் எண்ணெயோடு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "ஆமா" என்றார்.

அதற்குப் பிறகு அதிக நாள் ஆகவில்லை. ஒரு காலை, கடை திறந்த சூட்டோடு, முதல் தலையில் பாதி வெட்டியிருந்தார். நெஞ்சுக்குழியில் எரிந்தது. நேற்றுத் தின்றதுதான் என்று நினைத்தார். தாடைக்கு ஏறியது. வளையம் போல ஏதோ மார்பைச் சுற்றி இறுகியது. லோஷன் புட்டிகளுக்கு நடுவே வைத்திருந்த வயிற்று மருந்தை எடுத்து இரண்டு மூடி குடித்தார்.

"என்ன மாமா?"

"கேஸ்."

மாப்பிள்ளை அவரைப் பார்த்தான். அன்றைக்கு வாசலுக்கு ஓடிய அதே மாப்பிள்ளைதான். ஆனால் அதற்கப்புறம் இரண்டு தடவை அவனும் ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பி வந்திருக்கிறான்.

"கொஞ்சம் உக்காருங்க மாமா. ஒரு ஏப்பம் வந்தா சரியாப் போயிடும்" என்றான்.

மாஸ்டர் உட்காரவில்லை. பாதித் தலையோடு ஒரு மனிதரை விடக் கூடாது என்று மீதியையும் வெட்டினார். பிடரியில் சவரம் செய்து, தூரிகையால் தட்டி, போர்த்தியிருந்த துணியை உதறினார். உதறின கையோடு விழுந்தார்.

கண்விழித்தபோது கட்டிலருகில் இதய டாக்டர் நின்றிருந்தார். இந்தத் தடவை திரையைப் பார்க்கவில்லை.

"ஸ்டென்ட்டே அடைச்சிருக்கு. மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா?"

மனைவி அவரை முந்திக்கொண்டாள். "ஒரு நாள்கூட இல்ல டாக்டர். நானே என் கையால எடுத்துக் குடுக்கிறேன். எதை வேணா விடுவேன், அதை விடமாட்டேன். வேணும்னா என் தம்பியைக் கேளுங்க." அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. அவ்வளவு பயத்திலும் அது இருந்தது.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"போடல" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"அந்த ரோஸ் மாத்திரை. போடல. வயிறு எரிஞ்சிது சார். நான்தான் நிறுத்திட்டேன். அவளுக்குத் தெரியாது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, திட்டுகிற குரலில்கூட இல்லை, "வயிறு எரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதுக்கு ஒரு மாத்திரை குடுத்திருப்பேனே. சாதாரண விஷயம். பாதிப் பேருக்கு இந்தத் தொந்தரவு வரும்" என்றார்.

"நீங்க கேக்கல சார்" என்று மாஸ்டருக்கு நாக்கு நுனிவரை வந்தது. நான் சொல்லவுமில்லையே என்று விழுங்கிக்கொண்டார்.

மனைவி அழவில்லை. அவருடைய போர்வையின் ஓரத்தில் நூல் ஒன்று பிரிந்திருந்தது. அதை விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "ஏரிக்கரைல சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

இதயத்தில் பாதிக்குமேல் செயலிழந்துபோயிற்று. அந்தப் பாதி இனி திரும்பாது என்றார்கள். கக்கூஸுக்குப் போய்வந்தாலே மூச்சு இரைத்தது. நின்றுகொண்டு பார்க்கிற வேலை இனி இல்லை. வலதுபக்க நாற்காலிக்கு மாப்பிள்ளை வேறொருவரைச் சேர்த்துக்கொண்டான். சேர்த்ததைச் சொல்ல வந்தவன், கட்டில் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏப்பம் வந்தா சரியாப் போயிடும்னு சொன்னேனே மாமா" என்றான் கடைசியில்.

"நானும்தான் கேஸ்னு சொன்னேன். விடு மாப்ள."

விடச் சொன்னார். அவன் விடுகிறவனாகத் தெரியவில்லை. அதற்கப்புறம் அவன் வீட்டுக்கு வந்தால் ஜோக் அடிப்பதில்லை. ஜோக் அடிக்காத மாப்பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாஸ்டருக்கு மூச்சுத்திணறலைவிடக் கஷ்டமாக இருந்தது.

மனைவி வேலையை விட்டுவிட்டாள். தையல் துணிகளை வீட்டுக்கு வாங்கிவந்து தைத்தாள். மாத்திரையை இப்போதும் அவள்தான் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "வாயத் திறங்க" என்பாள். திறப்பார். "நாக்கைத் தூக்குங்க." தூக்குவார். குனிந்து உள்ளே பார்த்துவிட்டுப் போவாள். கோபமாக இருந்தால் தேவலை. கோபமே இல்லாமல், தைத்த மடிப்பைத் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். வயிற்று மாத்திரையும் இப்போது உண்டு. ஆனால் மற்ற மாத்திரைகள் முன்னைவிட இரண்டு மடங்கு. எரிச்சல் குறைந்ததே தவிரப் போகவில்லை. உப்புசம் போகவில்லை. பசி மட்டும் போய்விட்டது.

ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டு முடித்துத் தலையணையில் சாய்ந்திருந்தபோது நெஞ்சுக்குழியில் மறுபடி ஏதோ ஒன்று கனத்தது. மறைக்கப் பார்த்தார். இனி மறைப்பதில்லை என்று எப்போதோ முடிவு செய்தது நினைவுக்கு வந்தது.

"இந்தா, இங்க ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

தையல் மிஷின் நின்றது. அவள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எரியுதா, அடைக்குதா?"

யோசித்துப் பார்த்தார். நேர்மையாகத்தான் யோசித்தார்.

"தெரியல."

"தாடைக்கு வருதா?"

"வர மாதிரியும் இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு."

"போலாமா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு பெண், எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசல், அந்த வயர்கள், வெளியே நிற்கிற கூட்டம் எல்லாம் மாஸ்டரின் கண்ணில் வந்து போயின. போனால் வயிறாக இருக்கும். போகாவிட்டால் நெஞ்சாக இருக்கும்.

"நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்.

அவள் எழுந்து போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, மறுபடி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அவருடைய மார்பையே பார்த்துக்கொண்டு, அடுத்து என்ன வருகிறதென்று காத்திருந்தார்கள்.