தியான் வீட்டு இரண்டாவது உறை

அறுபத்தைந்து தாண்டியவர்களின் கால் நகத்தையும் வெறும் வயிற்று ரத்தத்தையும் சேகரிப்பது அந்த வருடம் என் வேலை. நகத்தில் செலினியம் என்ற தாது ஏறினால் ரத்தத்தில் கொழுப்பும் ஏறுகிறதா என்று டாக்டர் லூ பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மலையில் நிலக்கரி கலந்த கரிப்பாறை அதிகம், அதனால் மண்ணில் செலினியமும் அதிகம்.

உச்சிக் குடியிருப்பில் ஒரே ஒரு வீட்டில்தான் ஆள் இருந்தது. நாற்பது வருடத்துக்கு முன் அங்கே எல்லோருக்கும் முடி கொட்டி, நகம் கழன்று, ஊரே காலி செய்துகொண்டு கீழே இறங்கியது. வயதான பிறகு திரும்பி ஏறியவர்கள் தியான் தெசாயும் அவர் மனைவி யுவேசென்னும் மட்டும்தான். அவள் செத்து மூன்று வருடம். வீட்டுக்குப் பின்னால் சமாதி இருந்தது.

தியானிடம் ரத்தம் எடுத்தேன். நகம் வெட்டினேன். அவர் இன்னொரு உறையை நீட்டினார்.

"இது அவளோடது."

"தாத்தா, பாட்டிதான்..."

"அவ நேத்து ராத்திரியிலிருந்து ஒண்ணும் சாப்பிடல. நீ வர்றேன்னு அவகிட்ட சொல்லியிருந்தேன்."

உள்ளே முழு நகங்கள். வெட்டியவை அல்ல, கழன்றவை. அடியில் ஈரம் காயவில்லை. தியானின் இருபது நகமும் இருந்த இடத்திலேயே இருந்தன. மேசையில் தொடாத கஞ்சிக் கிண்ணம் இரண்டு. எங்கிருந்தோ பூண்டு வாடை. வீட்டில் ஒரு பல் பூண்டைக்கூட நான் பார்க்கவில்லை. உறையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டேன்.

பத்து நாளில் டாக்டர் லூ கூப்பிட்டார்.

"கிழவர் நகம் சாதாரணம். இன்னொண்ணுல செலினியம் பயங்கரமா இருக்கு. யாரும்மா இது?"

"செத்துப்போனவங்க, சார்."

"செத்தவங்களுக்கு நகம் வளராது. போய்ப் பாரு."

மறுபடி ஏறினேன். தியான் உள்ளறைத் திரையைக் காட்டினார். பூண்டு வாடை அங்கிருந்துதான் வந்தது. அது மூச்சு.

"ரத்தமா? எடுத்துக்கோ. இன்னிக்கும் வெறும் வயிறுதான்" என்றது ஒரு பெண் குரல்.

திரைக்கு வெளியே ஒரு கை நீண்டது. ஒரு விரலிலும் நகமில்லை. மேல்கையில் கட்டை இறுக்கி ரத்தம் எடுத்தேன்.

"சின்ன வயசுல முடி கொட்டினப்ப, கீழ் ஊர்ல பேய் பேய்னு கல்லால அடிச்சாங்க. இங்க திரும்பி வந்ததும் மறுபடி கொட்டுச்சு. செத்துட்டேன்னு சொல்லிடுங்கன்னு நான்தான் இவர்கிட்ட சொன்னேன். பின்னாடி வெறும் மண்ணைக் குவிச்சு சமாதியும் கட்டினார்."

"ஒரே வீட்டுல இவருக்கு மட்டும் எப்படி ஒண்ணும் ஆகல?"

"அவர் சந்தை அரிசி திங்கிறார். நான் எங்க கரிப்பாறைச் சாம்பல் போட்ட நிலத்துச் சோளத்தை மட்டுந்தான் தின்பேன். அது என் கையால விதைச்சது."

கீழே வந்து சோதனைக் குழாயை நிற்கவைத்தபோது, ரத்தத்தின் மேலே பால்போல ஒரு அடுக்கு படிந்தது. அவ்வளவு கொழுப்பு. இந்த ஒரு ஆளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று டாக்டர் லூ கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் அவரே மலையேறிப் போய், முடியும் நகமும் உதிர்வதும் மூச்சில் பூண்டு வாடை அடிப்பதும் செலினியம் மிஞ்சியதால்தான் என்று சொல்லி, அந்தச் சோளத்தை நிறுத்தி, கொழுப்புக்கு மாத்திரை கொடுத்தார். குளிர் முடிவதற்குள் அவள் தலையில் வெள்ளைப் பூனைமுடி வந்தது. நகமும் துளிர்த்தது.

அடுத்த வருடப் பரிசோதனைக்கு யுவேசென் தானே கீழே வந்தாள். வரிசையில் முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவரும் இரண்டடி விலகினார்கள்.

"தொட்டுப் பாருங்கய்யா, சூடாத்தானே இருக்கு" என்று கையை நீட்டினாள். யாரும் தொடவில்லை.

நான் பிடித்தேன். சில்லென்று இருந்தது. மலையில் அந்த விடிகாலையில் யார் கைதான் சூடாக இருக்கும்? நரம்பைத் தேடி ஊசியைக் குத்தினேன்.