உப்புத் தண்ணீரில் ஒரு முழங்கால்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை; அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதில் கிடைத்தது. செயற்கைக் கால் செய்யும் ஆலையில் அலுமினிய மூட்டுகளுக்குப் பூச்சு போட்டுச் சோதிப்பவள் அவள். என் முதல் வரியை அவளுக்குப் படித்துக் காட்டினேன்: "அலுமினியம் துருப்பிடிக்காது, அத்தானின் நம்பிக்கையும்..."

"நிறுத்துடி. துரு இரும்புக்கு. அலுமினியம் அரிச்சுப் போகும். தெரியாததை எழுதி என் மானத்தை வாங்காத."

அந்த வரி பாதியிலேயே நிற்கிறது.

2

அத்தான், அதாவது அக்காவின் கணவர், மீன் சந்தையில் பெட்டி கழுவுகிறார். நாள் முழுக்க உப்புத் தண்ணீர்தான். ஒரு விபத்தில் அவருடைய ஒரு கால் முழங்காலுக்கு மேலேயே போய்விட்டது; அதன்பின் ஊன்றுகோலே கதி என்று இருந்தார். ஆலையின் புது முழங்கால் மூட்டை முதலில் மாட்டிக்கொண்டவர் அவர். இப்போது இரண்டு கையாலும் பெட்டி தூக்குகிறார். சந்தையே தன் சொத்து மாதிரி நடக்கிறார். (கொஞ்சம் மிகைதான். ஆனால் நீங்கள் அவரைப் பார்த்ததில்லையே.)

3

இந்த இடத்தில் கட்டுரை தலைநீட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் மெல்லிய தோல் ஒன்று தானே படர்கிறது. அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி அதைத் தடிப்பாக்குவார்கள். அப்படிப் பூசிய மூட்டை உலர்வாக உரசிப் பார்த்தார்கள், தேறியது. அசையாமல் உப்புத் தண்ணீர் தெளித்த மூட்டத்தில் வைத்தார்கள், அதிலும் தேறியது. ஆலைக்கு அது போதும். அக்கா கையெழுத்துப் போட்டாள்.

பிறகுதான் அவளுக்கு மனசு கேட்கவில்லை. உப்புத் தண்ணீருக்குள் வைத்தே உரசவிட்டாள். தண்ணீர் கறுத்தது. உரசல் தோலைக் கிழிக்க, அந்தக் கிழிசலில் உப்பு இறங்க, உதிர்ந்த தூள் மணல்போல் மேலும் அறுத்திருந்தது.

(குடும்பங்களும் இப்படித்தான், தனித்தனியாக வந்தால் தாங்கும் கஷ்டங்கள்...)

"அந்த வரியை அடிச்சிடு," என்றாள் அக்கா. "மூட்டு உடைஞ்சா விழப்போறது அவரு. உன் தத்துவம் இல்ல."

அடித்துவிட்டேன். அடித்த இடம் தெரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

4

முடிவு ஒன்று: தொட்டிக்குள் பொறி பறக்கப் போடும், பீங்கான் மாதிரிக் கெட்டியான பூச்சு ஒன்று அத்தானைக் காப்பாற்றுகிறது. பூச்சு உண்மை, உப்பிலும் உரசலிலும் நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது. ஆனால் அது போட்ட மூட்டு கைக்கு வர மாதங்கள் ஆகும்.

முடிவு இரண்டு: அக்கா வாயே திறப்பதில்லை, ஒருநாள் அத்தான்... இதை எழுத எனக்குக் கை வரவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

5

நடந்ததைச் சொல்கிறேன். அக்கா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அத்தான் நிறைந்த பெட்டியோடு வந்துகொண்டிருந்தார்.

"இந்தக் காலைக் கழட்டணுங்க," என்றாள் அக்கா.

"எவ்வளவு நாளைக்கு?"

"சில மாசம் ஆகும்."

"நல்லாத்தானே இருக்கு?"

"வெளிய நல்லாத்தான் இருக்கும். உள்ள அரிக்க ஆரம்பிச்சிருக்கும். சரியாப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டேன். அத்தான் அதைப் பார்த்தார்; ஊன்றுகோலைப் பார்த்தார்; அக்காவை மட்டும் பார்க்கவில்லை.

"இந்தப் பெட்டியை மட்டும் வெச்சிட்டு வந்துடறேன்," என்று திரும்பி நடந்தார்.

பெட்டி வைக்கும் மேடை மறுகோடியில் இருந்தது. தரையெல்லாம் ஈரம். அவர் நிமிர்ந்து, அவசரப்படாமல் நடந்தார். அக்கா அவரைக் கூப்பிட வாயெடுத்தாள்.

கூப்பிட்டாளா என்பதை நான் எழுதப்போவதில்லை. அவள் இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் கூப்பிட்டிருப்பீர்களா?