பாலம் எந்தக் கட்சி?

கேரளத்து நெல்லிக்கடவு ஊரின் வாட்ஸ்ஆப் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பஞ்சாயத்துத் தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில், ஒரே நாளில் முப்பத்தெட்டுப் பேர் வெளியேறினார்கள். அதில் ஒருத்தி, குழுவின் அட்மின் ஜலஜாவின் சொந்தத் தங்கை. “சேச்சி, இவங்க சண்டையப் படிச்சுப் படிச்சு எனக்கு பிரஷர் ஏறுது. சமாதானம் ஆனதும் சொல்லு, வர்றேன்” என்று எழுதிவிட்டுப் போனாள்.

ஜலஜாவுக்கு அது முகத்தில் அடித்தது போலிருந்தது. ஆற்றங்கரைப் படகுத்துறையான கடவுக்கு எதிரே ஆன்லைன் சேவை மையம் நடத்துகிறவள் அவள். சாதிச் சான்றிதழ், பென்ஷன் மனு, பாஸ்போர்ட் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கும் தொழிலாளி, சாகும்வரை செங்கொடி பிடித்தவர். ஆனால் தான் தராசு முள் மாதிரி, எந்தப் பக்கமும் சாயாதவள் என்பதில் ஜலஜாவுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

சண்டை, கடவிலிருக்கும் நடைபாலத்தைப் பற்றியது. அதைக் கட்டியது எங்கள் ஆட்சி என்று இடதுபக்கத்தார் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மறுநாளே, எங்கள் ஆட்சி என்று வலதுபக்கத்தார் அதைவிட இரண்டு அடி உயரமாக வைத்தார்கள். பாலத்தின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று.

குழுவில் இடதுபக்கத்துக்கு வாதாடியவர் பவித்ரன் மாஷ். பள்ளியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர். யாராவது ‘இன்று நல்ல மழை’ என்று எழுதினால்கூட ‘ஆதாரம்?’ என்று கேட்பவர். வலதுபக்கத்துக்கு ஔசேப்பச்சன், பேக்கரிக்காரர். அவருக்கு எழுத்தில் நம்பிக்கை இல்லை. ஏழு நிமிடம், எட்டு நிமிடம் என்று குரல் பதிவாகப் போடுவார். பின்னணியில் பப்ஸ் தட்டு சத்தம் கேட்கும். “மாஷே, உங்க ஆதாரத்த ஊறுகாய் போட்டுத் தின்னுங்க! அன்னிக்கு இந்த ஜனங்க சிந்தின கண்ணீருக்கு எந்த ஆபீஸ்ல ரசீது தருவாங்க?” என்று அவர் குரல் தழுதழுத்தால், கேட்கிற எதிர்க்கட்சிக்காரனுக்கும் ஒரு நொடி நெஞ்சு இளகிவிடும்.

இரண்டு பேரும் இருபது வருட நண்பர்கள். இப்போது மாஷ், ஔசேப்பச்சன் கடையைத் தாண்டிப் போய், ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு கடையில் வெந்நீர் போன்ற சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் ஏஐ வந்து சேர்ந்தது. முதலில் மாஷ்தான் கொண்டுவந்தார். ‘கட்சிச் சார்பு இல்லாத இயந்திரமே சொல்லிவிட்டது’ என்ற தலைப்பில் ஐந்து பக்கம் ஒட்டினார். இடது ஆட்சியின் தொலைநோக்கு, நீர்வழி வளர்ச்சி, அடிக்குறிப்பில் ‘மாவட்டப் பதிவேடு எண் 114’. அரைமணி நேரத்தில் ஔசேப்பச்சனும் ஒட்டினார். அவர் வாழ்க்கையில் எழுத்தாகப் போட்ட முதல் பதிவு அது. வலது ஆட்சியின் கருணை, மக்கள் கனவு, எல்லாம் இருந்தன.

“உம்ம ஏஐ முதலாளிங்க செஞ்சது. அது அப்படித்தான் பேசும்” என்றார் மாஷ்.

“உம்ம ஏஐக்கு மெம்பர்ஷிப் கார்டு யாரு குடுத்தா மாஷே, ஏரியா கமிட்டியா?” என்றார் ஔசேப்பச்சன்.

அன்றுதான் முப்பத்தெட்டுப் பேர் போனது.

மறுநாள் காலை மாஷ் ஏதோ பிரதி எடுக்க வந்தபோது, அவர் கைப்பேசியை ஜலஜா எட்டிப் பார்த்தாள். மத்தியானம் ஜிஎஸ்டி சந்தேகம் கேட்க வந்த ஔசேப்பச்சனின் கைப்பேசியையும் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. இரண்டிலும் ஒரே செயலி. ஒரே நிறம், ஒரே சின்னம். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. குழுவில் இப்படி எழுதினாள்: ‘ஞாயிறு பிற்பகல் மூன்று மணி, வாசகசாலையில் இறுதி விசாரணை. எல்லோர் முன்னாலும் ஏஐயிடம் கேட்போம். திரை உண்டு. பழம்பொரியும் உண்டு.’

வாசகசாலையில் நாற்காலி போதவில்லை. ஜன்னலுக்கு வெளியேயும் ஆள். குழுவை விட்டுப் போன முப்பத்தெட்டில் பாதிப் பேர் வந்திருந்தார்கள், தங்கை உட்பட. மாஷ் கோப்போடு வந்தார். ஔசேப்பச்சன் புது ஜிப்பாவோடு வந்தார்.

ஜலஜா மடிக்கணினியைத் திரையோடு இணைத்தாள். “ஒரே ஒரு நிபந்தனை. மாஷ் ஏஐகிட்ட என்ன கேட்டாரோ, அதே வார்த்தைய ஔசேப்பச்சன் சேட்டன் கேக்கணும். சேட்டன் கேட்டத மாஷ் கேக்கணும்.”

“நான் எதுக்கு அவன் கேள்விய என் வாயால...” என்று மாஷ் எழுந்தார்.

“பயமா மாஷே?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாஷ் உட்கார்ந்தார்.

முதலில் ஔசேப்பச்சன். மாஷின் கைப்பேசியிலிருந்த கேள்வியை, கசப்பு மருந்து குடிப்பவர் மாதிரி வாசித்தார். “‘நெல்லிக்கடவு நடைபாலத்தை இடது ஆட்சி கட்டியதால் விளைந்த நன்மைகளை ஆதாரங்களுடன் விளக்குக.’” ஜலஜா அதை அப்படியே தட்டச்சு செய்ததும், திரையில் இடது ஆட்சியின் புகழ் மளமளவென்று வழிந்தது. ஔசேப்பச்சன் வாயைப் பிளந்தார். “எடா துரோகி! என்கிட்ட அன்னிக்கு வேற மாதிரி பேசினியேடா!”

கூடம் குலுங்கியது. அடுத்து மாஷ், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். “‘இந்தப் பாலம் வலதுபக்கத்தார் தந்த வரம் என்பதை மூடி மறைக்கும் நன்றி கெட்டவர்களுக்கு நாக்கைப் பிடுங்குகிற மாதிரி பதில் கொடு.’” ஏஐ கொடுத்தது. மாஷ் படிக்கப் படிக்க அவர் குரலே ஔசேப்பச்சன் மாதிரி ஏறி இறங்க ஆரம்பித்தது. ‘நன்றி என்பது நதியைப் போன்றது’ என்ற வரியில் அவர் கை தானாக உயர்ந்தது. பெண்கள் பக்கம் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

“ஒரே செயலிதான். நீங்க எந்தப் பக்கம் தள்ளுனீங்களோ அந்தப் பக்கம் ஓடியிருக்கு” என்றாள் ஜலஜா. பிறகு கொஞ்சம் தயங்கி, “மாஷே, அந்தப் பதிவேடு 114. வெள்ளிக்கிழமை மாவட்ட ஆபீசுக்கு போன் பண்ணிக் கேட்டேன். அப்படி ஒண்ணு அவங்ககிட்ட இல்லவே இல்லையாம்” என்றாள்.

சிரிப்பு நின்றது. மாஷின் காதுமடல் சிவந்தது. முப்பது வருடம் பிள்ளைகளை ‘பார்க்காமல் எழுதாதே’ என்று அடித்தவர் அவர். ஔசேப்பச்சன் இந்த நேரத்துக்குத்தான் காத்திருந்தார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ தன் தட்டிலிருந்த பழம்பொரியை மாஷ் பக்கம் நகர்த்தி, “விடுங்க மாஷே. எனக்கும் அது ஒரு நம்பர் குடுத்துச்சு. அது என்னன்னு புரியாமதான் நான் போடல” என்றார்.

மாஷ் பழம்பொரியை எடுத்துக்கொண்டார்.

ஜலஜாவுக்கு உள்ளம் பொங்கியது. இதுதான் தருணம் என்று நிமிர்ந்து நின்றாள். “இப்போ நடுநிலையா நான் கேக்கறேன்.” தட்டச்சு செய்தாள்: ‘நெல்லிக்கடவு நடைபாலத்தை எந்த ஆட்சி கட்டியது?’ ஏஐ ஒரு நொடி யோசித்து, ‘பெரும்பாலும் இடது ஆட்சியாக இருக்கலாம்’ என்றது. ஜலஜாவின் உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போயிற்று.

“கண்டுட்டேன்!” என்றது கதவோரம் ஒரு குரல். ஸ்கூட்டரில் மீன் விற்கும் நபீசா. ஊருக்கெல்லாம் அவள் ‘இத்தா’, அதாவது அக்கா. அறுபத்தைந்து வயது, கணீரென்ற தொண்டை. “ஜலஜே, நீ சிரிச்சே. நான் பாத்துட்டேன். உங்கப்பன் சிரிப்பு அது!”

“ஐயோ இத்தா, நான் சும்மா...”

“சும்மா இல்ல. உன் கேள்வியே கோணல். எந்த ஆட்சி கட்டுச்சுன்னு கேட்டா அது ஏதோ ஒரு ஆட்சியத்தானே சொல்லும்? எந்த மாப்பிள்ளை உன் கோழியத் திருடினான்னு கேட்டா, நரி பேரு எப்படி வெளிய வரும்?”

கூடம் முழுக்க ஜலஜாவைத் திரும்பிப் பார்த்தது. தராசு முள்ளுக்கு வேர்த்தது. மறுக்க வாயெடுத்தவள், தங்கை விழுந்து விழுந்து சிரிப்பதைக் கண்டு, தானும் சிரித்துவிட்டாள். “சரி, சிரிச்சேன். ஒத்துக்கறேன். அப்போ யாரு இத்தா கட்டினது?”

“நாங்க!” என்றாள் நபீசா. “எனக்கு அப்போ பதினஞ்சு வயசு இருக்கும். ஆத்தக் கடக்க வள்ளந்தான். வள்ளக்காரன் குஞ்ஞம்பு சோறு தின்னா ரெண்டு மணி நேரம் தூங்குவான். அக்கரையில கூடையோட நாங்க நிப்போம். மீன் எங்களுக்காகக் காத்திருக்குமா? ஒரு நாள் எல்லாருமாச் சேந்து வெட்டுகல்லு சுமக்க ஆரம்பிச்சோம், தூண் கட்டி சிமென்ட் பூசினோம். தூண் நாலும் எங்க தூண். மேல பலகை போட்டு நடந்தோம். அப்புறமா ஒரு ஆட்சிக்காரன் வந்து பலகைய எடுத்துட்டு காங்கிரீட் போட்டான். இன்னொரு ஆட்சிக்காரன் கைப்பிடி வெச்சான். ரெண்டு பேருமே திறப்பு விழாவுக்கு எங்களக் கூப்பிடல. நாலு தூணும் தண்ணிக்குள்ள இருக்கே, யாருக்குத் தெரியும்?”

பிறகு, பழக்க தோஷம், மாஷின் வாயிலிருந்து அது வந்தேவிட்டது: “ஆதாரம்?”

“வாரும், காட்டறேன். இப்போ தண்ணி வத்துற நேரம்.”

வாசகசாலையே எழுந்து நடந்தது. ஃப்ளெக்ஸ்களுக்கு நடுவே, படிக்கட்டு வழியாக ஆற்றில் இறங்கினார்கள். ஔசேப்பச்சன் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி முதல் ஆளாகச் சேற்றில் கால் வைத்தார். மாஷ் வழுக்கப் போக, அவர் கை கொடுத்தார். ஜலஜா கைப்பேசியை உயரத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். பாசியை நபீசா தன் மீன் கத்தியால் சுரண்டினாள். உள்ளே சிமென்ட் பூச்சில், ஈரத்தில் குச்சியால் கீறிய பெயர்கள் தெரிந்தன. கல்யாணி. மறியம். குஞ்ஞிராமன். தேவசி.

“தேவசி...” என்றார் ஔசேப்பச்சன். விரலால் தடவினார். “எங்கப்பன் கையெழுத்து. ‘வ’வுக்கு வால் போடுவாரு. மாவு மூட்டையில இப்படித்தான் எழுதுவாரு.” மாஷ் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தார். மேலே பாலத்தில் நின்ற கூட்டம் ஒவ்வொரு பெயருக்கும் கை தட்டியது. “அது எங்க பாட்டன்!” “அது எங்க அம்மாயி!” என்று குரல்கள் எழுந்தன. பதினேழு பெயர்கள். செங்கொடி வீடுகளும் இருந்தன, மற்ற வீடுகளும் இருந்தன.

“உங்க பேரு எங்க இத்தா?” என்று கேட்டாள் ஜலஜா.

“எனக்கு அப்போ எழுதத் தெரியாதே. கடைசியில பாரு.” பெயர்களுக்குக் கீழே ஒரு மீன் கீறப்பட்டிருந்தது. “மத்தி. நானே வரைஞ்சது.”

ஔசேப்பச்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். “இது மத்தி இல்ல இத்தா. வாலப் பாருங்க, அயிலை.”

“வரைஞ்ச எனக்குத் தெரியாதா?”

“வரைஞ்சவங்க சாட்சியத்த மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது” என்றார் மாஷ். “ஆனா உடம்பு ஒல்லியா இருக்கு. மத்திதான்.”

ஜலஜா படம் எடுத்துக் குழுவில் போட்டாள். கரையில் நின்ற யாரோ அதே படத்தை ஏஐயிடம் காட்டினார்கள். ‘இது ஒரு மாவிலையாக இருக்கலாம்’ என்று அது சொன்னதும் பாலமே அதிரச் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை விடிந்தபோது ஃப்ளெக்ஸ் இரண்டும் அங்கேதான் இருந்தன. கட்சிக்காரர்கள் அவ்வளவு லேசாக எடுத்துவிடுவார்களா? ஆனால் இரண்டின் மேலும் யாரோ வெள்ளைத் தாள் ஒட்டி, பதினேழு பெயர்களை எழுதி, ஒரு மீனும் வரைந்திருந்தார்கள். மத்தியானம் மாஷும் ஔசேப்பச்சனும் முதல்முறையாகச் சேர்ந்து ஒரு பதிவு போட்டார்கள். சொற்கள் ஔசேப்பச்சனுடையவை, திருத்தம் மாஷுடையது. காங்கிரீட் யார் போட்டது, கைப்பிடி யார் வைத்தது என்பதற்கு, பஞ்சாயத்து ஆபீஸில் நேரில் பார்த்த தீர்மானத்தின் நகலும் அதில் இருந்தது.

போனவர்கள் எல்லோரும் திரும்ப வந்தார்கள். புதிதாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். அன்று முழுக்கக் குழுவில் மத்தியா அயிலையா என்று அடிதடி. இடதிலும் மத்திக்காரர்கள் இருந்தார்கள், வலதிலும் இருந்தார்கள். தாய்க்கும் மகனுக்கும் நடுவில்கூடப் பிளவு.

“அட்மின் தீர்ப்பு சொல்லணும்!” என்று எல்லோரும் கேட்டார்கள்.

சேவை மையத்தில் நான்கு பேர் வரிசையில் காத்திருக்க, ஜலஜா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உண்மையில் அவளுக்கும் இலை மாதிரித்தான் தெரிந்தது. அதைச் சொன்னால் ஊரை விட்டுத் துரத்திவிடுவார்கள். பெருவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்: ‘மத்தி. ஆனால் நான் மத்திப் பக்கம் சாய்ந்தவள். என்னை நம்பாதீர்கள், ஆற்றில் இறங்கிப் பாருங்கள்.’

அனுப்பிவிட்டு, வரிசையில் முதலில் நின்றவரைப் பார்த்து, “சொல்லுங்க சேட்டா, என்ன சர்ட்டிஃபிகேட்?” என்றாள்.