காதுக்கொரு மாமன்

தேனிச் சந்தையில் ஒரு சொட்டுக் கண்ணீரின் விலை மூன்றரை அணா. கூடினால் அரையணா கூடும், குறைந்தால் அரையணா குறையும். இதைக் கண்டுபிடித்தவள் புளிமண்டி பஞ்சம்மாள். ஐப்பசி மாதத்து வாரச்சந்தையில் ஆர்மோனியம் சீனிச்சாமி உருகி உருகிப் பாட, விரித்த துண்டுக்குப் பக்கத்தில் நின்று, யார் யார் கண்ணைத் துடைக்கிறார்கள், யார் யார் கை மடிக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். விழுந்த காசை அழுத ஆட்களால் வகுத்தாள். புளி விற்கிறவள் எதையும் நிறுத்துப் பார்க்காமல் விடமாட்டாள்.

பாட்டு முழுக்க, புளிமூட்டை அடுக்கும் அவள் கிட்டங்கியில் வளரும் பிள்ளைகளைப் பற்றித்தான். முந்தின வருஷத்துக் காலராவில் பெற்றவர்களைப் பறிகொடுத்த ஒன்பது பேர். முதலில் ஒன்றுதான் வந்தது. ராஜாத்தி என்று ஏழு வயதுப் பெண். கொட்டிக்கிடந்த புளியில் கை வைத்தவளைப் பிடித்து நாலு போடு போட நினைத்து, சோறு போட்டு உட்காரவைத்தாள் பஞ்சம்மாள். அந்த வழி தெரிந்துகொண்டு மற்ற எட்டும் வந்து சேர்ந்தன. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றிருந்தவளின் கிட்டங்கியில் பாதி புளி, பாதி பிள்ளை. புளி சாப்பாடு கேட்காது.

ஐப்பசியில் பருத்திக் கமிஷன் மண்டி முத்துக்கருப்பன் விக்கி விக்கி அழுது, அந்த மூன்றரை அணாக் கணக்குக்கே அடங்காமல் ஐம்பது ரூபாயைத் துண்டில் போட்டார். நிலக்கடலை மண்டி பால்பாண்டி மோதிரத்தையே கழற்றிப் போட்டார். மறுநாள் விடிந்ததும் வந்து நின்றார்.

"தங்கச்சி, நேத்து அழுகையில கண்ணு தெரியல. அது மாமனார் போட்ட மோதிரம்."

மோதிரம் திரும்பிப் போனது. கார்த்திகையில் சந்தைக்காரர்கள் அழவில்லை, மூக்கை மட்டும் சிந்தினார்கள். மார்கழியில் ஆர்மோனியப் பெட்டி தெருமுனையில் தலைகாட்டியதுமே ஆளாளுக்கு அவசர வேலை வந்துவிட்டது. மாசி அறுவடையில் புளி விலை விழுகிற மாதிரி கண்ணீர் விலை விழுந்தது.

"அக்கா, பாட்டுல இன்னும் ரெண்டு பேரைச் சாகடிச்சிருவமா?" என்று யோசனை சொன்னான் சீனிச்சாமி.

"செத்தவுக போதும்லே. இருக்கிறதுகளுக்குக் கஞ்சி ஊத்த வழி சொல்லு."

வழி சொல்ல ஒருவன் காத்திருந்தான். ஏலத்தோட்டத்துக் கங்காணி அம்மாவாசி. மலைக்கு ஆள் பிடித்து அனுப்புகிறவன். "பெரிய உருப்படி நாலையும் என்கிட்ட விடு. ஏலக்காய் எடுக்கச் சின்னக் கைதான் தோது. மிச்ச அஞ்சும் உனக்குத் தாங்கும்" என்றான். அந்த நாலில் ராஜாத்தியும் ஒருத்தி. மலைக்குப் போன பிள்ளைகள் குளிர்காய்ச்சலோடு இறங்கிவருவதை பஞ்சம்மாள் பார்த்திருக்கிறாள். இறங்கியே வராததையும் பார்த்திருக்கிறாள். ஆனாலும் குதிரில் அரிசி அடிதட்டிக்கொண்டிருந்தது. "தை கடைசியில வா. குதிர் காலியா இருந்தா கூட்டிட்டுப் போ" என்று வாய்வார்த்தை கொடுத்துவிட்டாள். சந்தையில் ஒருமுறை கொடுத்த வார்த்தையை அவள் மாற்றியது கிடையாது. அதுதான் அவளைக் குடைந்தது.

முத்துக்கருப்பன் மண்டிக்குப் போனாள்.

"முதலாளி மதுரைக்குப் போயிருக்காக" என்றார் கணக்குப்பிள்ளை. பஞ்சுப் பொதிக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல் வந்தது.

"மதுரையில தும்முனா இங்கன கேக்குதே" என்றாள் பஞ்சம்மாள்.

மீசையெல்லாம் பஞ்சோடு முத்துக்கருப்பன் எழுந்து வந்தார். "கோவிச்சுக்கிறாத தங்கச்சி. உன்னையப் பாத்தா அந்தப் பாட்டு ஞாபகம் வருது. ஞாபகம் வந்தா அழுகை வருது. அழுதா கை மடிக்குப் போகுது. இப்படியே போனா மண்டியப் பூட்டிட்டு நானும் உன் கிட்டங்கிக்குத்தான் வரணும். இந்தா, அழுகாமலே ரெண்டு ரூபா. பாட்டு மட்டும் வேண்டாம்."

வாங்கிக்கொண்டாள். இரண்டு ரூபாய் எத்தனை நாளைக்கு?

தை பிறந்த வாரமே அனுமந்தன்பட்டியில் புளியந்தோப்புக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனாள். தாய்மாமன் பொன்னுராஜ் மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்திருந்தான். சட்டையில் கிழிசல், தாம்பாளத்திலோ கம்மல், பட்டுப்பாவாடை, வெல்லம், பழம். எல்லாம் வட்டிக்கு வாங்கின காசு என்று பந்தியே பேசியது.

"கடன்பட்டா செய்யணும்?" என்று கேட்டாள் பஞ்சம்மாள்.

"என்ன செய்ய ஆத்தா, மாமனாப் போயிட்டேனே" என்று மீசையை முறுக்கினான் அவன். "இன்னும் இவ சமையணும், கல்யாணமாகணும், பிள்ளை பெறணும். அந்தப் பிள்ளைக்கும் நான்தான் முன்னாடி நிக்கணும். முப்பது வருசத்துக்கு என் தலை தப்பாது." புலம்பல் மாதிரித்தான் இருந்தது. முகத்திலோ ஊரையே விலைக்கு வாங்கின களை.

பஞ்சம்மாள் பாயசத்தை இலையோரம் வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். இவனை யாரும் பாட்டுப் பாடி அழவைக்கவில்லை. இவன் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. ஆனாலும் முப்பது வருஷம்!

ஊர் திரும்பியதும் சொல்லிவிட்டாள்: வீரபாண்டி கோயிலில் கிட்டங்கிப் பிள்ளைகளுக்குக் காதுகுத்து. உண்டியல் இல்லை, துண்டு விரிக்கிறது இல்லை, பாட்டு இல்லை. கறிச்சோறு உண்டு. சோற்றுக்குப் புளிமூட்டை நாலைக் கண்ணை மூடிக்கொண்டு விற்றாள். துண்டு இல்லை என்ற ஒரே நிம்மதியில் சந்தையே வண்டி கட்டிக்கொண்டு வந்தது.

ஆசாரி ஊசியை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார்: "தாய்மாமன் மடி எங்க? மடியில்லாம நான் குத்தமாட்டேன்."

பஞ்சம்மாள் ராஜாத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "காசு வேணாம் அண்ணே. மடி வேணும்."

பால்பாண்டிதான் வாயைத் திறந்தார். "எந்த வகையறான்னே தெரியாத பிள்ளைக்கு நாங்க எப்படித் தங்கச்சி மாமனாகிறது?"

"காலரா வகையறா கேட்டுட்டா வந்துச்சு?" என்றாள் அவள். "அதை விடுங்க. பத்து வருசமா என் கடையில மணங்கு எடைக்கு ஆறணா கொறை தங்கச்சி, எட்டணா கொறை தங்கச்சின்னு வாங்கிட்டுப் போறீகள்ல? நான் தங்கச்சிதான்னா இது உங்க மருமக. தங்கச்சி இல்லைன்னா, கொறைச்ச காசெல்லாம் இங்கன எண்ணி வைங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வியாபாரிகள் சிரிக்கவில்லை, மனசுக்குள் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து வருஷத்துப் புளி, மணங்குக்கு ஆறணா. மடிதான் மலிவு.

முத்துக்கருப்பன் முதலில் உட்கார்ந்தார். ராஜாத்தி அவர் மடியில் ஏறினாள். வலது காதில் ஊசி இறங்கவும், அவள் அவருடைய கட்டைவிரலைக் கவ்விப் பிடித்துக் கடித்தாள். இரண்டு பேரும் ஒரே சுருதியில் கத்தினார்கள். கொட்டுக்காரன் அதைச் சாக்காக வைத்து வெளுத்துக்கட்டினான். முத்துக்கருப்பன் விரலை உதறிக்கொண்டே, "பாத்தீகளா, எப்படிக் கடிக்கிறா! எங்க ஆத்தா கடி அப்படியே" என்று நாலு பேரிடமும் விரலைக் காட்டினார்.

பால்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. இருபது வருஷமாக எதிரெதிர் மண்டி. அவர் தராசு மாற்றினால் இவர் தராசு மாற்றுவார். அவர் கூரைக்கு ஓடு போட்டால் இவர் மாடியே எடுப்பார்.

"போதும் எந்திரிய்யா. அடுத்த காது என் மடியில."

"ஒரு பிள்ளைக்கு ரெண்டு மாமனா?" என்றார் ஆசாரி.

"காது ரெண்டு இருக்கில்ல?" என்றாள் பஞ்சம்மாள், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

அதற்குப் பிறகு ஒருவரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. வலது காதுக்குத்தான் மதிப்பு என்று ஒருவர். இடதுபக்கம் இதயம் இருக்கிறது, அதனால் இடதுதான் ஒசத்தி என்று இன்னொருவர். கறிச்சோற்றுக்கு மட்டும் வந்த ஆண்டிபட்டித் தரகர் ஒருவர் கைகழுவப் போய்த் திரும்புவதற்குள் ஒரு பையனின் இடது காதுக்கு மாமனாகியிருந்தார். ஒன்பது பிள்ளை, பதினெட்டுக் காது, பதினெட்டு மாமன். பத்தொன்பதாவதாக வந்தவர், "எனக்கு ஒரு மூக்காவது குடு தங்கச்சி" என்று கெஞ்சினார். மூக்குக்கு முறை கிடையாது என்று ஆசாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் முத்துக்கருப்பன் சம்சாரம் சண்முகத்தாய் இடுப்பில் கை வைத்துக் கிட்டங்கி வாசலில் நின்றாள். "எனக்குத் தெரியாம எனக்கு எப்ப நாத்தனா முளைச்சா?"

"வாங்க மதினி" என்றாள் பஞ்சம்மாள்.

அந்த ஒரு வார்த்தையில் பாதிக் கோபம் இறங்கியது. மீதியை ராஜாத்தியின் காது இறக்கியது. "வீங்கியிருக்கே. ஒரு சொட்டு விளக்கெண்ணெய்கூடத் தடவாம என்ன பிள்ளை வளக்குறீக?" மடியில் போட்டுக்கொண்டு தடவினாள். பிறகு கஞ்சிப்பானையை எட்டிப் பார்த்தாள். "என் மருமக இந்தத் தண்ணியவா குடிக்கிறா?"

சாயங்காலம் ஒரு மூட்டை அரிசி வந்தது. பால்பாண்டி சம்சாரம் காதுக்கு அது எட்டியதும் இரண்டு மூட்டை வந்தது.

அப்புறம் வந்ததுதான் ரோதனை. பதினெட்டு அத்தைமாரும் முறைபோட்டு வந்தார்கள். பேன் பார்த்தார்கள், பாவாடை நீளம் பார்த்தார்கள், பையன்களை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று சண்டை போட்டார்கள். தன் கிட்டங்கியில் தன் புளியை எடுக்க பஞ்சம்மாள் வழி கேட்டு நிற்க வேண்டியிருந்தது.

"பிள்ளைகளை வளத்திரலாம்லே. மாமன்மாரை வளக்கிறதுதான் பாடு" என்று சீனிச்சாமியிடம் அலுத்துக்கொண்டாள். அலுத்துக்கொண்டாலும் விடவில்லை. சந்தைக்குப் போகும்போதெல்லாம் மண்டி மண்டியாக ஏறி இறங்கினாள். காசு கேட்கவில்லை, சேதி சொன்னாள். முத்துக்கருப்பனிடம், "உங்க மருமகளுக்குப் பல்லு விழுந்திருச்சு" என்றாள். அவர் பொதிக்குப் பின்னால் ஒளியவில்லை. பேரத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு, "விழுந்த பல்லை எங்கன போட்டா?" என்று எழுந்து நின்றார். பால்பாண்டி வீட்டில் பேத்திக்குப் பெயர்வைத்தபோது பஞ்சம்மாள் ஒன்றேகால் ரூபாய் மொய் எழுதினாள். மொய் எழுதினவள் வீட்டுக்கு அதற்குமேல் எழுதாமல் எந்த ஆம்பிளை தலைநிமிர்ந்து நடப்பான்?

தை கடைசி நாள் அம்மாவாசி கையில் கங்காணிக் கம்போடு வந்தான். "சொன்ன சொல் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. குதிரைப் பாத்துட்டுச் சொல்லு" என்றாள் பஞ்சம்மாள்.

குதிர் வரைக்கும் அவனால் போக முடியவில்லை. குறுக்கே அத்தைமார் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வந்தீக?" என்றாள் சண்முகத்தாய், தலை நிமிராமல்.

"நாலு பிள்ளைகளை மலைக்கு..."

"கூட்டிட்டுப் போங்க. ஒரு பிள்ளைக்கு ரெண்டு மாமன். எட்டுப் பேர்கிட்டயும் உத்தரவு வாங்கிட்டு வாங்க. எங்க வீட்டுக்காரவுக மண்டியில இருக்காக. போறப்ப அந்தக் கம்பை இங்கன வச்சிட்டுப் போங்க, அவுகளுக்கு முன்கோபம் ஜாஸ்தி."

அம்மாவாசி மண்டித்தெருப் பக்கம் பார்த்தான். அங்கே பஞ்சுப்பொதி தூக்கும் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். "நாலு கூலிக்கு எட்டு மாமன்னா கட்டுப்படியாகாது" என்று கம்பை எடுத்துக்கொண்டு, போடி ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தான்.

மாசி முதல் தேதி பஞ்சம்மாள் கணக்கு முடித்தாள். வரவு: குதிர் நிறைய அரிசி, ஆனி வரைக்கும் வரும். செலவு: புளி நாலு மூட்டை, ஆசாரி கூலி, மொய் ஒன்றேகால் ரூபாய். அவளுக்கு வரவேண்டியது: பெண்பிள்ளைகள் நாலுக்கும் சடங்குச் சீர், ஒன்பதுக்கும் கல்யாணச் சீர். அவள் செய்யவேண்டியது: பதினெட்டு வீட்டு விசேஷத்துக்கும் மொய், பங்குனியில் மட்டும் மூன்று. கையிருப்பு ஏழேகால் ரூபாய். பாக்கி, அவள் தலையில், முப்பது வருஷம்.