அறுநூற்றைம்பது வார்த்தையில் ஒரு காரணம்

மே ஐந்தாம் தேதி மத்தியானம், வேதியியல் ஆய்வகத்தில் கை கழுவிக்கொண்டிருந்தபோது போனில் அந்தக் கடிதம் வந்தது. போன வருடம் என்னை வேண்டாம் என்று சொன்ன பெரிய பல்கலைக்கழகம் இந்த வருடம் வா என்றது. முதல் வருடத்தை இங்கே முடித்துவிட்டு இரண்டாம் வருடம் அங்கே சேரலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் படிக்கும் இடமும் ஒன்றும் சோடை இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், நூறு பேர் கேட்டால் பத்துப் பேருக்குக்கூட இடம் கிடைக்காத கல்லூரி. ஆனால் எங்கள் ஊரான டுலூத்தில் பல் டாக்டரிடம் பெயரைச் சொன்னால், "அது எங்கே இருக்கு?" என்பார். அண்ணன் படித்தது அந்தப் பெரிய இடத்தில். அதன் ஸ்டிக்கர் இன்னும் அப்பா காரின் பின்கண்ணாடியில் இருக்கிறது. எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

மார்ச்சில் விண்ணப்பித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏப்ரலில் அடுத்த வருட விடுதி அறையை யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்பதற்கான குலுக்கல் வந்தது. எனக்குப் பதினொன்றாம் எண் விழுந்தது. அதை வைத்து நானும், என் அறைத்தோழி டாலியாவும், அவளுடைய ஹாக்கி அணிப் பெண்கள் இருவரும் ஏரியைப் பார்த்த நால்வர் வீட்டைப் பிடித்தோம். எண்ணுக்குரியவள் போய்விட்டால் வீடும் கைவிட்டுப் போகும், மற்றவர்கள் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். டாலியா டோஸ்டர்கூட வாங்கிவிட்டாள்.

அன்று சாயங்காலமே அவளிடம் சொன்னேன்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"இன்னிக்குத்தான் லெட்டர் வந்துச்சு."

"அதைக் கேக்கல. எத்தனை நாளா கிளம்பப் பாக்கற?"

"மார்ச்லேருந்து."

"அப்போ குலுக்கல் அன்னிக்கு என் பக்கத்துல நின்னு பல்லைக் காட்டினது யாரு, உன் ஆவியா?" கையை நீட்டினாள். "ஏன் மாறணும்னு எழுதச் சொல்லுவாங்கல்ல? காட்டு."

அதை அறுநூற்றைம்பது வார்த்தையில் எழுத வேண்டும். காட்டியிருக்கக் கூடாது. இடம் கிடைத்த மிதப்பில் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று சொல்வாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

மூன்றாவது பத்தியைச் சத்தமாகப் படித்தாள். "'என் அறைத்தோழிக்கும் அவள் நண்பர்களுக்கும் உலகம் ஹாக்கியோடு முடிந்துவிடுகிறது. இங்கே வந்ததிலிருந்து, நான் என்ன படிக்கிறேன் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.'"

"இல்ல டாலியா, காரணம் கொஞ்சம் வலுவா இருக்கணும்னு..."

"நவம்பர்ல நீ ஜுரத்துல கிடந்தப்ப, உன் உயிரியல் புக்கை நாலு நாள் உக்காந்து படிச்சுக் காட்டினது யாருடி?"

எழுதும்போது அது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, ஒதுக்கிவிட்டேன்.

மறுநாளே அவள் விடுதி அலுவலகத்துக்குப் போய், என் எண்ணிலிருந்து மூவர் பெயரையும் எடுத்துவிட்டாள். லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில், ஐந்தாம் மாடியில் ஒரு மூவர் அறை கிடைத்ததாம். நாலு பேர் இல்லாததால் ஏரி வீடும் போயிற்று.

"நான் இன்னும் முடிவே பண்ணலையே," என்றேன்.

"பண்ணிக்கோ. போறதுக்கு என்னைக் காரணமா எழுதிட்ட. இருக்கறதுக்கும் என்னையே காரணமா வெச்சுடாத. அதெல்லாம் என்னால சுமக்க முடியாது."

அண்ணன் போனில், "லூசா நீ? இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான். யோசித்தேன். நான் முடித்த எட்டுப் பாடத்தில் மூன்றை அங்கே திரும்பப் படிக்க வேண்டும். இங்கே பேராசிரியர் ஹோல்கம் கோடை விடுமுறையில் கடற்பாசி ஆய்வுக்கு வரச் சொல்லியிருந்தார். ஆனால் அங்கேயும் ஆய்வகங்கள் இருக்கின்றன, இதைவிடப் பெரியவை. ஒரு வாரம் இப்படியே போயிற்று. அந்தக் கடிதத்தை எத்தனையாவது முறையாகவோ படித்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. எனக்கு வேண்டியிருந்தது அந்த "வா" மட்டும்தான். அங்கே போய் என்ன படிப்பேன் என்று ஒரு நாள்கூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. ஹோல்கமின் கடற்பாசியைப் பற்றியோ தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

கடைசித் தேர்வு நாள் காலையில், வரவில்லை என்று பதில் போட்டேன். கீழே ஒரு கட்டம் இருந்தது: காரணம், விருப்பமிருந்தால். டாலியாவின் பெயர் விரல் நுனிவரை வந்தது. கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்.

அறைக்குப் போய், "நான் இங்கதான் இருக்கேன்," என்று அவளிடம் சொன்னேன். "ம்," என்றாள், அவ்வளவுதான்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் அவளுடைய மேசையில் இடம் இருந்தது. போக எனக்குத் துணிவில்லை. ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து, அடுத்த வருடமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தபடி புத்தகத்தைத் திறந்தேன்.

"ஏய் இங்க்ரிட்!" கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி டாலியா கத்தினாள். "என்ன புக்குடி அது? இங்க யாருமே கேக்க மாட்டேங்கறாங்களாமே?"

ஹாக்கிக் கூட்டம் மொத்தமும் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"கடற்பாசி."

"கருமம். எடுத்துட்டு வா, அப்படி என்னதான் எழுதியிருக்குன்னு பாப்போம்."

ஒரு கையில் தட்டும் மறு கையில் புத்தகமுமாகப் போனேன். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. நானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.