பிளக்காமல் இறங்கிய மிஷின்

"ஏம்மா ஷோபனா, பொம்பள மிஷினு. பாதியில படுத்துடாதே?"

தனசேகரன் போனில் இப்படிக் கேட்டதிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. போளூர் ஓட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் விறகு போடுகிற ஆள் அவர். மலைமேல் ஒருவருடைய பட்டா நிலத்தில், காற்றில் சாய்ந்த புளியமரங்களைத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். ஒரே நாளில் பிளந்து கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் இந்த சீசன் முழுக்க அவர் வேலை எனக்குத்தான்.

சந்தவாசலில் விறகு பிளக்கும் மிஷின் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. கறவை மாடு இரண்டையும் விற்று வாங்கியது. வாங்கிய நாலு மாதத்தில் அது ஓடிய நாளைவிடக் கொட்டகையில் நின்ற நாள்தான் அதிகம். பொம்பளையை நம்பி யார் வேலை கொடுப்பார்கள் என்று என் காதுபடவே பேசினார்கள். இந்த வேலையும் கைநழுவினால் மிஷினை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சூடம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். என்னிடம் வேலை பார்க்கும் கலையரசன் டிராக்டரை ஓட்டினான். மிஷினை இயக்குவதும் அவன்தான். நான் மட்கார்டில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இரண்டு சக்கரத்தில் மிஷின் ஆடிக்கொண்டு வந்தது.

அவன் ஓட்டிய வேகத்துக்கு நான் நடந்தே போயிருப்பேன். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தினான். இறங்கிப் போய்க் கொக்கியை ஆட்டிப் பார்த்தான், மிஷினைக் குனிந்து பார்த்தான், ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் ஏறினான்.

"இன்னாடா, பொண்ணு பாக்கவா போறோம்? வண்டிய எடுடா!"

"எறக்கம் மேடா கீதுக்கா. குழி வேற."

"குழியெல்லாம் எனக்கும் தெரியுது. நீ ஏறு."

தார் ரோடு முடிந்து மண்பாதையில் ஒரு பள்ளத்தில் மிஷின் விழுந்து எழுந்தது. அதற்கும் கத்தினேன்.

நாங்கள் போனபோது தனசேகரன் வேப்பமர நிழலில் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். கட்டை தூக்க எட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். கலையரசன் என்ஜினைக் கிளப்பினான். முதல் கட்டை படாரென்று இரண்டானது. இரண்டாவதும் அப்படியே. நான் தனசேகரன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது கட்டையில் மிஷின் முனகியது. கட்டையை அழுத்தித் தள்ளுகிற இரும்புத் தண்டின் வாயிலிருந்து எண்ணெய் பீய்ச்சி அடித்தது. ஆப்பு பாதிக் கட்டையில் சிக்கி நின்றது. ஆட்களில் ஒருவன் சிரித்தான். "நான் சொன்னேனே" என்றான் இன்னொருவன்.

நான் கலையரசன் பக்கம் திரும்பினேன்.

"உன்னாலதான்டா! குழியில போட்டுக் குலுக்கி மிஷினையே தொலைச்சிட்டே. உன் கை பட்டது எதுனா உருப்படுமா? நாளையிலேர்ந்து என் வூட்டு வாசப்படிய மிதிக்காதே. போ!"

எட்டுப் பேர் முன்னால் சொன்னேன். அவனுக்கு முப்பது வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் என்ஜினை அணைத்துவிட்டு, துணியை எடுத்துத் தண்டைத் துடைத்தான். நான் திட்டிக்கொண்டே குனிந்து பார்த்தேன்.

கண்ணாடி போல மின்னும் தண்டில் நீளமாகக் கீறல்கள். எண்ணெய் கசிந்த இடத்தில் மஞ்சளாக ஒரு குழம்பு. விரலால் தொட்டேன். மணல்போல நெருடியது. சந்தனம்.

சந்தனம் வைத்தது நான். நேற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத் தண்டை நீட்டியபடியே விட்டிருந்தோம். விடியற்காலையில் கொட்டகையில் அதுதான் பளபளவென்று நின்றது. பாக்கெட் சந்தனத்தைக் குழைத்து அதில் மூன்று பொட்டு, நடுவில் குங்குமம். காய்ந்துபோன அந்தப் பொட்டுகள் தண்டோடு உள்ளே போய், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுத்துவிட்டன. அந்தத் தண்டில் தூசி கூட ஒட்டக் கூடாது என்று போளூர் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தான்.

கலையரசன் என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் துணியைச் சுருட்டி, மஞ்சள் தெரியாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

"இன்னாடா பண்ணித் தொலைச்ச?" என்றார் தனசேகரன்.

"பள்ளத்துல அடிச்சிட்சுங்க. என் தப்புதான்."

"அப்ப மிஷின் மேல கோளாறு இல்ல. ஏம்மா, வேற டிரைவரப் பாரு. சீல மாத்திட்டு அடுத்த வாரம் எட்னு வா. இவன இந்தப் பக்கம் இட்டாராத."

நான் தலையாட்டினேன். வெட்கமில்லாமல் ஆட்டினேன்.

மலை இறங்கும்போது கலையரசன் இன்னும் மெதுவாக ஓட்டினான். எனக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் இவனைப் பழி ஏற்கச் சொன்னது? திருப்பித் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

"தண்டுல வெச்ச பொட்ட நீ காலையிலயே பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

"பாத்துட்டு வாய மூடினு வந்தியா? தொடச்சித் தொலைக்க வேண்டியதுதானே?"

"வெள்ளிக்கிழம பூஜ போட்ட பொட்டு. அத அழிச்சா நீங்க சும்மா விடுவீங்களா? வழியில நாலு வாட்டி சொல்ல வந்தேன். வாயத் தொறக்கவே வுடல."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது.

"நிறுத்து வண்டிய."

அந்த வளைவில் சிக்னல் இருந்தது. தனசேகரனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, கலை மேல தப்பில்ல. தண்டுல சந்தனம் வெச்சது நானு. அதுதான் சீல அறுத்துட்ச்சு. அங்க நிக்கிற ஆளுங்ககிட்டயும் இதச் சொல்லிடுங்க."

சிரித்தார். டிராக்டர் சத்தத்தையும் மீறி அது கலையரசனுக்குக் கேட்டிருக்கும். "மிஷினுக்குப் பொட்டு வெச்சியா? பூ வெக்கலியா?" அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அடுத்த வாரம் வேணாம்மா. கணியம்பாடில ஒருத்தன் மிஷின் வெச்சினுகீறான். அவனப் பாத்துக்கறேன்."

போன் அணைந்தது. சீசன் போனது. இனி கீழே போவதற்குள் ஊர் முழுக்கச் சிரிக்கும். சிரித்துத் தொலையட்டும்.

கலையரசன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்க வேண்டும். என் வாய்க்கு அது பழக்கமில்லை.

"நாளைக்கு ஏழு மணிக்கு வூட்டாண்ட வந்துடு. போளூர் போயி சீல் மாத்தணும்" என்றேன். அதட்டலாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"சரிக்கா" என்று கியரைப் போட்டான்.